ஊர்ப் பள்ளிகளை இணைத்தால் வரி குறையுமா?

கேள்வி:

ஐயா, வணக்கம். நியூ ஜெர்சியின் மேற்குப் பகுதியில் ஒரு சிற்றூரில் குடியிருக்கிறோம். ஊருக்கென்று மழலையர் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை ஒரே பள்ளி. அதற்குத் தனி வாரியம், தனி வரி. ஒன்பதாம் வகுப்புக்குப் பிள்ளைகள் மூன்று ஊர்களுக்குப் பொதுவான உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறார்கள். அது வேறொரு பள்ளி மாவட்டம். இப்போது மூன்று ஊர்ப் பள்ளிகளையும் உயர்நிலைப் பள்ளியையும் ஒரே மாவட்டமாக இணைக்கலாமா என்று வாக்கெடுப்பு வரப்போகிறது. இணைந்தால் வரி குறையும் என்கிறார்கள் ஒரு சாரார். ஊர்ப் பள்ளியை மூடிவிடுவார்கள் என்கிறார்கள் இன்னொரு சாரார். ‘வேண்டாம்’ என்று வாக்களித்தால் மாநில அரசு தரும் பணம் வெட்டப்படும் என்றும் பேச்சு. அந்த ஊர்ப் பிள்ளைகளோடு சேர்ந்தால் பள்ளியின் தரமும் வீட்டு விலையும் இறங்கும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். மகள் ஏழாம் வகுப்பு. மகன் மூன்றாம் வகுப்பு; அவனுக்கு ஐ.இ.பி. (சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைக்கான தனிக் கல்வித் திட்டம்) மூலம் பேச்சுப் பயிற்சியும் வகுப்பில் ஓர் உதவியாளரும் கிடைக்கின்றன. அது நின்றுவிடுமோ என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. நான் அண்மையில்தான் குடியுரிமை பெற்றேன். கணவர் இன்னும் கிரீன் கார்டில் இருக்கிறார். நான் எப்படி வாக்களிப்பது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு, வணக்கம்.

பள்ளி மாவட்டங்களின் வரவுசெலவுக் கணக்கோடு என் பணிக்காலம் முழுவதும் கழிந்தது. அந்த அனுபவத்தில் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வரி குறையும் என்ற நம்பிக்கைக்காக மட்டும் ‘ஆம்’ என்று வாக்களிக்காதீர்கள். இணைப்பு மொத்தச் செலவைக் கொஞ்சம் குறைக்கலாம், குறைக்காமலும் போகலாம். ஆனால் அந்தச் செலவில் எந்த ஊர் எவ்வளவு சுமப்பது என்பதை நிச்சயம் மாற்றிவிடும். பிள்ளைகளின் படிப்புக்கு நல்லது என்று உங்கள் மனத்துக்குப் பட்டு, உங்கள் ஊரின் பங்கும் நியாயமாக இருந்தால், அப்போது ‘ஆம்’ என்று சொல்லலாம். இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தமிழகத்திலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு விளக்கம். அமெரிக்காவில் பள்ளி மாவட்டம் என்பது கலெக்டர் ஆளும் மாவட்டம் போன்றதல்ல. மக்கள் தேர்ந்தெடுக்கும் வாரியத்தைக் கொண்ட தனி உள்ளாட்சி அமைப்பு அது. வீட்டின் மதிப்பை வைத்து விதிக்கும் சொத்து வரியில் தனக்கென்று ஒரு பங்கை வசூலித்துக்கொள்ளும். 1939–40இல் நாடு முழுவதும் இப்படி 1,17,000 மாவட்டங்கள் இருந்தன. இன்று ஏறக்குறைய 13,000. அந்த இணைப்பு அலைக்குப் பிறகும் நியூ ஜெர்சியில் ஊருக்கொரு பள்ளி மாவட்டம் என்ற ஏற்பாடு பெரும்பாலும் அப்படியே நின்றுவிட்டது. 564 நகராட்சிகள் உள்ள இந்தச் சிறிய மாநிலத்தில் பள்ளி மாவட்டங்கள் 600ஐ ஒட்டி இருக்கின்றன. 2024இல் ஒரு வீட்டின் சராசரி சொத்து வரி ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலரைத் தாண்டியது. அதில் பாதிக்கு மேல் பள்ளிக்குப் போகிறது. எனவே இணைப்பு என்றதும் எல்லாருக்கும் முதலில் வரி நினைவுக்கு வருவது இயல்புதான்.

சேமிப்பு எங்கே கிடைக்கும், எங்கே கிடைக்காது என்று பார்ப்போம். நான்கு மாவட்டங்கள் ஒன்றானால், மாவட்டத்தின் தலைமை நிர்வாகிகளான நான்கு கண்காணிப்பாளர்களுக்குப் பதில் ஒருவர், நான்கு நிதி அலுவலர்களுக்குப் பதில் ஒருவர் போதும். தணிக்கை, காப்பீடு, கணினி மென்பொருள், வழக்கறிஞர் கட்டணம் ஆகியவையும் குறையும். இது உண்மையான சேமிப்பு. ஆனால் பல சிற்றூர்கள் ஒப்பந்தம் போட்டு ஏற்கெனவே ஒரே கண்காணிப்பாளரையோ நிதி அலுவலரையோ பகிர்ந்துகொள்கின்றன. உங்கள் ஊரும் அப்படிச் செய்துகொண்டிருந்தால், கிடைத்துவிட்ட அந்தச் சேமிப்பை, இணைப்பு ஏற்றதா என்று ஆராயும் சாத்தியக்கூறு அறிக்கை மறுபடியும் எண்ணியிருக்கிறதா என்று பாருங்கள். இப்படி இரட்டிப்பாக எண்ணுவது நடக்கக்கூடியதுதான். கெட்ட நோக்கத்தோடு செய்ததாகவே இருக்க வேண்டியதில்லை.

பள்ளியின் செலவில் பெரும்பகுதி ஆசிரியர் சம்பளமும் மருத்துவக் காப்பீடும். நான்கு மாவட்டங்களுக்கு நான்கு சம்பள அட்டவணைகள் இருக்கும். அவற்றை ஒன்றாக்கும்போது அதிகம் வாங்குபவர் இறங்கி வர மாட்டார். குறைவாக வாங்குபவர், ‘ஒரே வேலைக்கு எனக்கு ஏன் குறைவு?’ என்று கேட்பார். கேட்பது நியாயம். எனவே புதிய அட்டவணை மேல்நோக்கித்தான் நகரும். ஒரு கண்காணிப்பாளர் சம்பளத்தில் மிச்சமானதை நூறு ஆசிரியர்களுக்குக் கொடுக்கும் சிறு சிறு உயர்வு சில ஆண்டுகளில் விழுங்கிவிடக்கூடும். உங்களுக்கு வந்திருக்கும் அறிக்கை முதலாண்டுச் சேமிப்பை மட்டும் காட்டுகிறதா, ஐந்தாம் ஆண்டு சம்பளத்தையும் கணக்கில் எடுத்திருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் புரட்டிப் பார்ப்பேன்.

நியூயார்க் மாநிலத்தின் கிராமப்புறப் பள்ளி மாவட்டங்களில் நடந்த இணைப்புகளைச் சிராகியூஸ் பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் இருவர் ஆராய்ந்தார்கள். முந்நூறு மாணவர்கள் அளவிலான மிகச் சிறிய மாவட்டங்கள் இணையும்போது கணிசமான சேமிப்பு கிடைக்கிறது. மாணவர் எண்ணிக்கை ஆயிரத்தைந்நூறு அளவுக்குப் போனால் அது வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. இணைந்த புதிதில் கட்டடம், மாற்றப் பணிகள் என்று கூடுதல் செலவும் வந்து சேர்கிறது. ஆகவே, ‘இணைந்தால் சேமிப்பு உண்டா?’ என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. உங்கள் ஊர்ப் பள்ளியில் எத்தனை பிள்ளைகள், மற்ற மூன்றிலும் எத்தனை பேர் என்பதிலிருந்துதான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

இப்போது கூட்டங்களில் யாரும் விரிவாகப் பேசாத, ஆனால் உங்கள் வரிச் சீட்டை எல்லாவற்றையும்விட அதிகமாக மாற்றக்கூடிய விஷயத்துக்கு வருகிறேன். இணைந்த மாவட்டத்தின் மொத்த வரித்தொகையை ஊர்கள் எந்த அடிப்படையில் பங்கிட்டுக்கொள்வது? நியூ ஜெர்சிச் சட்டம் மூன்று வழிகளை அனுமதிக்கிறது: சொத்து மதிப்பின்படி, மாணவர் எண்ணிக்கையின்படி, அல்லது இரண்டையும் ஏதாவதொரு விகிதத்தில் கலந்து.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு போடுகிறேன். மூன்று ஊர்களும் சேர்ந்து 20 மில்லியன் டாலர் வசூலிக்க வேண்டும் என்று வையுங்கள். உங்கள் ஊரில் மாணவர்களில் 25 விழுக்காடுதான். ஆனால் வீடுகளுக்கு விலை கூடுதல் என்பதால் மொத்தச் சொத்து மதிப்பில் 40 விழுக்காடு உங்கள் ஊரிடம் இருக்கிறது. சொத்து மதிப்பின்படி பங்கிட்டால் உங்கள் ஊர் தர வேண்டியது 8 மில்லியன். மாணவர் எண்ணிக்கையின்படி என்றால் 5 மில்லியன். பாதிக்குப் பாதி என்றால் ஆறரை மில்லியன். பள்ளி அதே பள்ளி, ஆசிரியர் அதே ஆசிரியர். ஒரு விகிதத்தை மாற்றியதும் 3 மில்லியன் டாலர் ஓர் ஊரின் தலையிலிருந்து மற்ற ஊர்களின் தலைக்கு மாறுகிறது. நான்கு கண்காணிப்பாளர்களை ஒருவராக்கி மிச்சம் பிடிப்பது இதற்குப் பக்கத்தில்கூட வராது.

இதனால் விளைந்த கசப்புக்கு இந்த மாநிலத்திலேயே பெயர்பெற்ற வழக்கு ஒன்று உண்டு. பசேயிக் கவுண்டியில் (கவுண்டி என்பது மாநிலத்தின் உட்பிரிவு) நார்த் ஹேலடன், ஹேலடன், பிராஸ்பெக்ட் பார்க் ஆகிய மூன்று ஊர்களுக்கும் மான்செஸ்டர் பிராந்திய உயர்நிலைப் பள்ளி பொது. சொத்து மதிப்பின்படி பங்கீடு என்றானதால் வசதியான நார்த் ஹேலடன், மாணவர் ஒருவருக்கு மற்ற இரண்டு ஊர்களைவிடப் பல மடங்கு கட்ட வேண்டியதாயிற்று. விலகிக்கொள்ள முயன்றது. 2004இல் மாநில உச்ச நீதிமன்றம் விலக அனுமதி மறுத்தது. நார்த் ஹேலடனின் பிள்ளைகள் பெரும்பாலும் வெள்ளையர். அவர்கள் வெளியேறினால் பள்ளியின் இனக் கலவை குலையும் என்பது காரணம். கூடவே, செலவுப் பங்கீட்டை நியாயமாக மாற்றி அமைக்கவும் நீதிமன்றம் சொன்னது. இந்த வழக்கிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது, உள்ளே போன பிறகு வெளியே வருவது மிகக் கடினம் என்பதை. பங்கீட்டு விகிதத்தைப் பின்னால் மாற்ற வேண்டுமென்றாலும் ஒவ்வொரு ஊரின் வாக்காளரும் சம்மதிக்க வேண்டும். இலாபம் அடையும் ஊர் சம்மதிக்காது. எனவே வாக்குச் சீட்டில் வரும் கேள்வியில் எந்த விகிதம் எழுதப்பட்டிருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் வாக்குச் சாவடிக்குப் போகாதீர்கள்.

அடுத்தது மாநில நிதி. ‘வேண்டாம்’ என்று வாக்களித்த ஊரின் பணத்தை வெட்டும் விதி பள்ளிகளுக்குப் பணம் ஒதுக்கும் நியூ ஜெர்சியின் நிதிச் சூத்திரத்தில் கிடையாது. இந்த அச்சத்தை நீங்கள் விட்டுவிடலாம். வேறு மாநிலங்களில் கட்டாயம் இருந்தது உண்மை. அர்கன்சாவில் 2004 முதல், தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் 350 மாணவர்களுக்குக் கீழே போன மாவட்டங்கள் கட்டாயமாக இணைக்கப்பட்டன. ஏழை மாவட்டங்களுக்கு நிதி போதவில்லை என்று வழக்குப் போட்டு மாநில உச்ச நீதிமன்றத்தில் வென்ற லேக் வியூ என்ற சிறிய மாவட்டமே, அந்தத் தீர்ப்பின் பின்விளைவாக வந்த இந்தச் சட்டத்தால் பக்கத்து மாவட்டத்தோடு இணைக்கப்பட்டு மறைந்துபோனது. நினைத்தால் இன்றும் மனம் கனக்கும் செய்தி அது. வெர்மான்ட்டில் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முதலில் வரிச் சலுகை காட்டி அழைத்தார்கள். வராத மாவட்டங்கள் பலவற்றை 2018இல் மாநிலக் கல்வி வாரியம் ஆணையிட்டு இணைத்தது. நியூ ஜெர்சி அந்த வழியில் போகவில்லை. ஆய்வுக்கு மானியம் தருகிறது, 2022இல் வந்த சட்டம் சில இடைக்காலச் சலுகைகளும் தருகிறது. முடிவு மட்டும் ஊரார் கையில். நீங்கள் சொல்வதுபோன்ற புதிய மாவட்டம் உருவாக ஒவ்வொரு ஊரிலும் தனித்தனியாகப் பெரும்பான்மை வேண்டும். மூன்று ஊர்களின் வாக்கையும் கூட்டிப் பார்த்து உங்கள் ஊரைக் கடந்துபோய்விட முடியாது.

ஆனால், ‘ஆம்’ என்று வாக்களித்தால் மாநில நிதி குறையுமா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

இந்த மாநிலத்தின் அரசியல் சட்டம் 1875 முதல், ஐந்து வயது முதல் பதினெட்டு வயதுவரை உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் முழுமையான, திறமான இலவசப் பள்ளிக் கல்வியை மாநிலத்தின் பொறுப்பாக்கியிருக்கிறது. ஊர்ச் சொத்து வரியை நம்பியே பள்ளி நடத்துவது அந்த வாக்குறுதிக்கு முரண் என்று 1973இல் ராபின்சன் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டமன்றம் இழுத்தடித்தது. 1976 ஜூலையில் பள்ளிகளுக்கு ஒரு டாலரும் செலவிடக் கூடாது என்று நீதிமன்றம் தடை போட்ட பிறகுதான் மாநில வருமான வரியே பிறந்தது. நீங்களும் உங்கள் கணவரும் மாதாமாதம் கட்டும் அந்த வரியின் கதை இதுதான். பின்னர் ஆபட் வழக்குகள் மூலம் ஏழை நகரங்களின் பிள்ளைகளுக்கு உரிய பங்கு கிடைத்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 2008ஆம் ஆண்டுச் சூத்திரம்.

அதன் அடிப்படை எளிது. உங்கள் பிள்ளைகளுக்குப் போதுமான கல்வி கொடுக்க எவ்வளவு செலவாகும் என்று மாநிலம் கணக்கிடுகிறது. ஏழ்மையில் வாழும் பிள்ளைக்கும் ஆங்கிலம் புதிதாகக் கற்கும் பிள்ளைக்கும் கூடுதல் எடை உண்டு. பிறகு, ஊரின் சொத்து மதிப்பையும் மக்களின் வருமானத்தையும் பார்த்து, ஊர் எவ்வளவு தாங்கும் என்று ஒரு தொகையைக் கணிக்கிறது. முதல் தொகையிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவது சமன்செய் நிதி. ஊர் தாங்கக்கூடியது அதிகமாக இருந்தால் அந்த நிதி பூஜ்யம். பூஜ்யத்துக்குக் கீழே போகாது. இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது.

மறுபடியும் எடுத்துக்காட்டாக, வசதியான ஓர் ஊருக்குத் தேவை 6 மில்லியன், தாங்கக்கூடியது 8 மில்லியன். அதற்குச் சமன்செய் நிதி இல்லை. வசதி குறைந்த ஊருக்குத் தேவை 10 மில்லியன், தாங்கக்கூடியது 7. அதற்கு 3 மில்லியன் வரும். இரண்டையும் இணைத்தால் தேவை 16, தாங்கக்கூடியது 15. கிடைப்பது 1 மில்லியன். பிரிந்திருந்தபோது வந்த மூன்றில் இரண்டு மில்லியன் காணாமல் போகிறது. வசதியான ஊரின் உபரி, மற்ற ஊருக்கு மாநிலம் தந்துகொண்டிருந்த பணத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இணையும் ஊர்கள் எல்லாமே நிதி பெறும் ஊர்களாக இருந்தால் இந்த இழப்பு வராது. உங்கள் மூன்று ஊர்களில் எது பூஜ்யத்தில் இருக்கிறது என்று விசாரியுங்கள். இணைந்த பின் சூத்திரப்படி கிடைக்கும் நிதி எவ்வளவு, இடைக்காலப் பாதுகாப்பு உண்டென்றால் எத்தனை ஆண்டு, அது முடிந்த பிறகு என்ன ஆகும் என்று வாரியத்திடம் எழுத்தில் பதில் கேளுங்கள்.

மாநில நிதி எப்போதும் நிலையாக இருக்கும் என்றும் எண்ணிவிடாதீர்கள். 2018இல் ஆளுநர் பில் மர்ஃபி கையெழுத்திட்ட எஸ்2 சட்டம், சூத்திரம் சொல்வதைவிட அதிகம் பெற்றுக்கொண்டிருந்த மாவட்டங்களின் பணத்தை 2024–25 வரை படிப்படியாகக் குறைத்தது. ஜாக்சன், டாம்ஸ் ரிவர் போன்ற ஊர்கள் அதில் பலத்த அடி வாங்கின. மறுபக்கம், 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி, சில விதிவிலக்குகள் தவிர, பள்ளி வரித்தொகையை ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்த முடியாதபடி உச்சவரம்பு இருக்கிறது. மருத்துவக் காப்பீட்டுக் கட்டணமோ அதைவிட வேகமாக ஏறுகிறது. சிறிய பள்ளியில் இந்த நெருக்கடி எப்படித் தெரியும் என்றால், இசை ஆசிரியர் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வருவார். அடுத்த ஆண்டு நூலகர் இருக்க மாட்டார். ‘வேண்டாம்’ என்று வாக்களித்தால் இன்றிருப்பது இப்படியே நீடிக்கும் என்ற எண்ணத்திலும் ஓட்டை இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

பள்ளி மூடப்படுமா? இதில் உங்களை ஆறுதல்படுத்த நான் தயாரில்லை. இணைந்த மாவட்டத்தின் பிராந்திய வாரியத்தில் உங்கள் நிலைமையில் ஒன்பது உறுப்பினர்கள் இருப்பார்கள். ஊரின் மக்கள்தொகைப்படி இடம், எந்த ஊருக்கும் குறைந்தது ஒன்று. சிற்றூருக்கு ஒன்று அல்லது இரண்டு கிடைக்கும். பிள்ளைகள் குறைந்த பள்ளியை வைத்திருப்பதா என்பதை அந்த ஒன்பது பேரில் பெரும்பான்மையினர் முடிவு செய்வார்கள். ஹன்டர்டன் கவுண்டியில் லாம்பர்ட்வில், ஸ்டாக்டன், வெஸ்ட் ஆம்வெல் ஆகிய மூன்று ஊர்களும் அவற்றின் பொது உயர்நிலைப் பள்ளியும் 2013இல் வாக்களித்து, 2014 ஜூலையில் சவுத் ஹன்டர்டன் பிராந்திய மாவட்டமாக ஒன்றாயின. உங்கள் ஊரில் இப்போது பேசப்படும் ஏற்பாடு கிட்டத்தட்ட அதேதான். சில ஆண்டுகளில் ஸ்டாக்டனின் மிகப் பழைய சின்னஞ்சிறு பள்ளி மூடப்பட்டது. ‘மூட மாட்டோம்’ என்று இன்றைய வாரியம் வாய்மொழியாகத் தரும் உறுதி நாளை தேர்ந்தெடுக்கப்படும் வாரியத்தைக் கட்டாது. அதே நேரம், பிள்ளைகள் ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே வந்தால் இணையாமல் இருந்தாலும் அந்தப் பள்ளிக்கு ஆபத்துதான். கடந்த பத்து ஆண்டு மாணவர் எண்ணிக்கையைப் பார்த்தால் உங்களுக்கே புரிந்துவிடும். பேருந்து பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு ஒரு தகவல்: எட்டாம் வகுப்புவரை இரண்டு மைலுக்கு மேல், உயர்நிலைப் பள்ளிக்கு இரண்டரை மைலுக்கு மேல் என்றால் மாவட்டம் போக்குவரத்து வசதி செய்துதர வேண்டும் என்பது சட்டம்.

உங்கள் மகனைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தை மறுபடியும் மறுபடியும் படித்தேன். ஐ.இ.பி. கூட்டாட்சிச் சட்டம் தந்த உரிமை. இணைப்பால் அது கலைந்துவிடாது. புதிய மாவட்டம் பொறுப்பை அப்படியே ஏற்க வேண்டும். அவனுடைய பயிற்சியிலோ இடத்திலோ மாற்றம் செய்வதென்றால் உங்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதை எதிர்த்து நீங்கள் முறையிட 15 நாள் அவகாசம் இருக்கிறது. அந்த அவகாசத்துக்குள் விசாரணை கோரினால், தீர்வு வரும்வரை பழைய ஏற்பாடே தொடரும். இந்தத் தேதியை எக்காரணம் கொண்டும் தவறவிடாதீர்கள்.

ஒன்று மட்டும் இப்போதே செய்யுங்கள். அவனுடைய ஐ.இ.பி. தாளை எடுத்துப் பேச்சுப் பயிற்சிப் பகுதியைப் பாருங்கள். ‘வாரத்தில் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 30 நிமிடம், தனியாக’ என்று இருக்கிறதா, ‘தேவைக்கேற்ப’ என்று பொத்தாம்பொதுவாக இருக்கிறதா? உதவியாளர் அவனுக்கு மட்டுமா, வகுப்புக்குப் பொதுவா, எந்தெந்தப் பாடவேளைகளில் என்பது எழுதப்பட்டிருக்கிறதா? சிறிய பள்ளியில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். தாளில் இல்லாததையும் அன்பால் செய்துகொண்டிருப்பார்கள். புதிய நிர்வாகம் வரும்போது தாளில் உள்ளது மட்டும்தான் கைமாறும். எனவே இணைப்பு நடப்பதற்கு முன் ஆண்டுக் கூட்டத்தைக் கேட்டுப் பெற்று, நடைமுறையில் கிடைப்பது அத்தனையையும் எழுத்தில் ஏற்றிவிடுங்கள். இணைப்பு வந்தாலும் வராவிட்டாலும் அது அவனைக் காக்கும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: பெரிய மாவட்டத்தில் பேச்சுப் பயிற்சியாளரை முழுநேரமாக வைத்துக்கொள்ள முடியும். ஒன்பதாம் வகுப்புக்குப் போகும்போது வேறொரு மாவட்டத்தின் புதிய குழுவிடம் அவன் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டிய நிலையும் இருக்காது. அவன் விஷயத்தில் இணைப்பு நன்மையாகவே முடியலாம்.

உங்கள் மகளுக்கு இணைப்பு நடைமுறைக்கு வருவதற்குள் உயர்நிலைப் பள்ளியே வந்துவிடும். அவளுக்கு அதிக மாற்றம் இராது. ஆனால் அவள் வகுப்பைப் பார்த்தால் இணைப்பின் உண்மையான நியாயம் தெரியும். மூன்று ஊர்களிலிருந்தும் வரும் பிள்ளைகளில் ஒரு சாரார் எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா முடித்திருப்பார்கள், இன்னொரு சாரார் தொட்டே இருக்க மாட்டார்கள். ஓர் ஊரில் ஸ்பானிஷ் மூன்று ஆண்டு, இன்னோர் ஊரில் ஒரு ஆண்டு. உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் முதல் பருவம் முழுவதையும் இவர்களை ஒரே வரிசைக்குக் கொண்டுவரவே செலவிடுகிறார்கள். மழலையர் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை ஒரே பாடத்திட்டம், ஒரே பொறுப்பாளர் என்பது படிப்புக்குப் பெரிய பலம். மான்மத் கவுண்டியில் அட்லாண்டிக் ஹைலண்ட்ஸ், ஹைலண்ட்ஸ் ஆகிய இரு ஊர்களும் 2023 செப்டம்பரில் வாக்களித்து ஹென்றி ஹட்சன் மாவட்டமாக ஒன்றானபோதும் இந்தக் காரணம் முன்னால் நின்றது. ‘ஆம்’ தரப்பு உங்கள் ஊரில் வரியைப் பற்றிப் பேசும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்திருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதற்கு வருகிறேன். வீட்டு விலை ஏறுமா இறங்குமா என்று யாராலும் உங்களுக்கு உத்தரவாதம் தர முடியாது. ‘அந்த ஊர்ப் பிள்ளைகள்’ என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் நிறமும் வருமானமும்தான். அந்தப் பிள்ளைகளோடுதான் உங்கள் மகள் இன்னும் இரண்டு ஆண்டுகளில் உயர்நிலைப் பள்ளியில் ஒரே வகுப்பில் உட்காரப் போகிறாள். ஊரின் பெயரையும் குலத்தையும் கேட்டு எந்தப் பள்ளியில் சேரலாம் என்று முடிவுசெய்த காலத்தை நம் முன்னோர் பார்த்திருக்கிறார்கள். இங்கே வந்து அந்தப் பேச்சுக்கு நாம் தலையாட்டக் கூடாது. பங்கீட்டு விகிதம் நியாயமில்லை என்று ‘வேண்டாம்’ போடுங்கள், அதில் குறை சொல்ல ஏதுமில்லை. இந்தக் காரணத்துக்காகப் போடாதீர்கள்.

கடைசியாக வாக்குரிமை. நீங்கள் குடியுரிமை பெற்றுவிட்டதால் வாக்களிக்கலாம். தேர்தலுக்கு 21 நாள் முன்பாவது பெயரைப் பதிவு செய்திருக்க வேண்டும். உங்கள் கணவர் கிரீன் கார்டில் இருக்கும்வரை இந்த வாக்கெடுப்பில் வாக்களிக்கக் கூடாது. யாராவது பதிவுப் படிவத்தை நீட்டினாலும் கையெழுத்திட வேண்டாம். பின்னால் அவருடைய குடியுரிமை விண்ணப்பத்துக்கே அது ஆபத்தாக முடியும். ஆனால் வாரியக் கூட்டங்கள் எல்லாருக்கும் திறந்தவை. பொதுமக்கள் பேசும் நேரத்தில் அவர் எழுந்து நின்று கேள்வி கேட்கலாம். பொது ஆவணச் சட்டத்தின்படி சாத்தியக்கூறு அறிக்கையையும் அதன் பின்னிணைப்புகளையும் கேட்டுப் பெறலாம். வரி கட்டுபவர் அவர், பிள்ளையின் தந்தை அவர்; தயங்க வேண்டியதில்லை.

என் கருத்தைக் கேட்டதால் சொல்கிறேன். உங்கள் ஊர்ப் பள்ளியில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்றால், பங்கீட்டில் மாணவர் எண்ணிக்கைக்கும் ஓரளவு எடை இருந்தால், மாநில நிதி இழப்பு இல்லை அல்லது தாங்கக்கூடியது என்று எழுத்தில் வந்தால், நான் ‘ஆம்’ என்று வாக்களிப்பேன். சொத்து மதிப்பை மட்டும் வைத்துப் பங்கிடும் ஏற்பாடு என்றால், இந்த முறை ‘வேண்டாம்’ என்று சொல்லி, வேறு விகிதத்தோடு மறுபடி வாருங்கள் என்று கேட்பேன். அப்படித் திரும்பி வந்த திட்டங்கள் உண்டு.

அறிக்கையில் வரிப் பங்கீடு பற்றிய அட்டவணையும், இணைந்த பின் மாநில நிதி பற்றிய பக்கமும் பெரும்பாலும் பின்னிணைப்பில்தான் இருக்கும். அவற்றைப் பெற்று எனக்கு அனுப்பிவையுங்கள். உங்கள் வீட்டின் வரி மதிப்பையும் குறிப்பிட்டால், வாக்கெடுப்புக்கு முன் கணக்கைப் போட்டு எழுதுகிறேன். மகனின் ஐ.இ.பி. கூட்டத்துக்கு மட்டும் அதுவரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே கடிதம் கொடுத்துவிடுங்கள்.